சைக்கிள், சினாப்சிஸ், சாமான் மூட்டை: எதை இறக்கி வைப்பது?

சென்னையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 28. வேதியியலில் பிஎச்.டி., ஐந்தாம் ஆண்டு. ஜூலை இரண்டாம் வாரம் சினாப்சிஸ் (ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் தரும் அதன் சுருக்கம்) கூட்டம். அம்மா, தம்பியோடு பள்ளிக்கரணையில் வாடகை வீடு. இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார். தாம்பரம் பக்கம் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆடி பிறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

இதற்கு நடுவில் சைக்கிள். மூன்று வருடமாக ஓட்டுகிறார். ஞாயிறு அதிகாலை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்புவது வழக்கம். பிப்ரவரியில் 200 கிலோமீட்டர் பிரெவேயை (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணம்) 13 மணி நேரத்தில் முடித்தார். ஜூலை கடைசியில் நடக்கும் 300க்குப் பணம் கட்டியிருக்கிறார்.

ஏழு வாரம் முன்பு கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகப் பெட்டியை இழுத்தபோது இடுப்பில் சுரீர் என்று பிடித்தது. ஊசி, மாத்திரை, பத்து நாள் 'கரண்ட்' வைத்தல், பெல்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் ஆயிற்று. 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், தீகல் சாக்கை அழுத்துகிறது' என்று ரிப்போர்ட். கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி, நரம்புகளைச் சுற்றியுள்ள உறையை அழுத்துகிறது என்று பொருள். "இனிமேல் சைக்கிளைத் தொடக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் தரையில் பாய் விரித்துப் படுத்தே இருந்தார். இப்போது வலி பத்துக்கு நான்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கம் முட்டிக்கு மேல்வரை இழுக்கிறது. நடந்தால் தேவலை. காலையில் பத்து, பதினைந்து நிமிடம் விறைப்பு. வலி வருவதற்கு முன்பே, 60, 70 கிலோமீட்டர் தாண்டினால் சீட்டில் படும் இடம் மரத்துப்போகும் என்பதையும் கூச்சத்தோடு எழுதியிருக்கிறார். கைடிடம் எதுவும் சொல்லவில்லை. "சைக்கிள் மிதிக்கத் தெரியுது, லேபுக்கு வரத் தெரியலையா என்று கேட்பார்."

அவர் கேட்பது மூன்று: "சைக்கிளை விற்றுவிடவா? சினாப்சிஸ் வரை படுத்தே இருக்கவா? வீட்டில் தூக்க, இறக்க நானும் தம்பியும்தான். பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றுக்கும் பதில் 'வேண்டாம்'தான். ஆனால் காரணங்கள் நீங்கள் நினைக்கிறவை அல்ல. அதைச் சொல்வதற்கு முன் அந்த மரத்துப்போகும் விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன்.

மரத்துப்போவதில் இரண்டு வகை

நீண்ட தூரம் ஓட்டும்போது சீட்டின் மூக்குப் பகுதி தொடைகளுக்கு நடுவே உள்ள நரம்பை அழுத்தும். அதனால் வரும் மரப்பு, இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் போய்விடும். ஆண், பெண் இருவருக்கும் வரும். அது சீட்டின் குற்றம், முதுகின் குற்றமல்ல.

இன்னொரு வகை உண்டு. முதுகுத் தண்டின் அடியில் குதிரைவால் போலப் பிரிந்து இறங்கும் நரம்புக் கொத்தைப் பெரிய டிஸ்க் பிதுக்கம் நசுக்கினாலும் அதே இடம்தான் மரத்துப்போகும். சைக்கிள் பக்கமே போகாத நாளிலும் கழுவும்போது தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். சிறுநீர் வர மறுக்கும், அல்லது தெரியாமலே கசியும். மலம் கட்டுக்குள் இருக்காது. இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ சேரும். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சினாப்சிஸ் முடியட்டும் என்று ஒரு நாள் தள்ளினாலும் சில பாதிப்புகள் நிரந்தரமாகிவிடும்.

உங்களுக்கு ரைடில் மட்டும் வந்து, இறங்கியதும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வாரமாக நீண்ட ரைடு இல்லை, மரப்பும் இல்லை. ஆகவே முதல் வகை. இருந்தாலும் இப்போதே எழுந்து குதிகாலால் பத்து அடி, நுனிக்காலால் பத்து அடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் தொங்கினாலோ மடங்கினாலோ இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி, இவற்றுக்கும் அதே அவசரம். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீண்டு, மாதக்கணக்கில் தொடர்ந்து, ஓய்வில் கூடி, உடலை அசைத்தால் குறைந்தால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். இளம் வயதில்தான் தொடங்கும். உங்கள் பதினைந்து நிமிடத்தை வைத்து நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

ரிப்போர்ட்டில் இருப்பதும் முதுகில் இருப்பதும்

'தீகல் சாக்கை அழுத்துகிறது' என்ற வரி உங்களை மிரட்டிவிட்டது. நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் வரி அது. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள், மொத்தம் 3,110 பேர். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், முப்பது வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை. உங்கள் பிதுக்கம் இந்த வலிக்குக் காரணமாக இருக்கலாம்; உங்களோடு கல்லூரி நாளிலிருந்தே இருந்ததாகவும் இருக்கலாம். 'டிஸ்க் போச்சு' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். டிஸ்க் எங்கேயும் போகவில்லை.

படுக்கை ஓய்வு இன்னொரு பழைய நம்பிக்கை. 1995இல் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பிரிவுக்கு வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான நடமாட்டம். சீக்கிரம் தேறியது மூன்றாம் பிரிவு. இரண்டு நாள் படுக்கையே பின்தங்கியது என்றால் உங்கள் மூன்று வாரம் என்ன செய்திருக்கும்? பிட்டத் தசையும் முதுகுத் தசையும் தளர்ந்திருக்கும். இப்போது ஒரு மணி நேரம் உட்கார முடியாததில் அதற்கும் பங்கு இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, சொன்னதைத்தானே கேட்டீர்கள்.

தரையில் பாயும் அவசியமில்லை. 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தர மெத்தையும் கொடுத்து மூன்று மாதம் கவனித்ததில் நடுத்தரம்தான் ஜெயித்தது. புது வீட்டுக்கு மெத்தை வாங்குவதாக இருந்தால் 'ஆர்த்தோ' என்று எழுதிய பலகையை வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் சைக்கிளைப் பற்றி ஒரே ஒரு வரி

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "பழைய ஹைபிரிடை (நிமிர்ந்து ஓட்டும் சைக்கிள்) தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் நண்பரிடம் 54 சைஸ் ரோடு பைக் (குனிந்து ஓட்டும் சைக்கிள்) வாங்கினேன், சீட்டை நன்றாக முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்." உங்கள் உயரம் 158 செ.மீ. என்றும் வேறோர் இடத்தில் இருக்கிறது.

54 என்பது பொதுவாக 170 செ.மீ.க்கு மேற்பட்டவர்களுக்கான ஃபிரேம். உங்களுக்கு 48, அல்லது மிஞ்சினால் 50. அந்த வண்டியில் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க நீங்கள் முதுகை முழுக்க வளைத்து, தோளைத் தள்ளி, இடுப்பைச் சீட்டின் மூக்குக்கு நகர்த்திக்கொண்டு 13 மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். முதுகும் சீட்டும் தந்த தொல்லை இரண்டுக்கும் பொதுக் காரணம் ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். உங்களைப் பரிசோதித்தவர்கள் சைக்கிளை நிறுத்தச் சொன்னார்கள், அளவு கேட்கவில்லை. மருத்துவர்களான எங்களில் பலர் கேட்பதில்லை. செருப்பு கடித்தால் நடப்பதையே நிறுத்தச் சொல்வது போலத்தான்.

விற்கத்தான் வேண்டுமென்றால் அந்த ஃபிரேமை விற்கலாம், சைக்கிள் ஓட்டுவதை அல்ல. அதுவரை தம்பியிடமிருந்து ஹைபிரிடைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் முட்டி நேராக வேண்டும். வழக்கம் போல முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சீட் உயரம். தம்பியைப் பின்னால் ஓட்டி வரச் சொல்லி போனில் அரை நிமிடம் படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு இடமும் வலமும் ஊஞ்சல் ஆடினால் சீட் இன்னும் உயரம். சீட்டை முன்னே பின்னே நகர்த்துவது முட்டிக்கும் பெடலுக்குமான கணக்கு. கை எட்டவில்லை என்பதற்காக அதைத் தொடக் கூடாது. எட்டாததற்கு மருந்து, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றுவது, ஹேண்டில்பாரை உயர்த்துவது. சீட்டின் மூக்கை இரண்டு மூன்று டிகிரி கீழே சாய்த்துப் பாருங்கள். இஸ்ரேலில் சைக்கிள் கிளப்புகளில் இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். அவர்கள் 10, 15 டிகிரி வரை போனார்கள், பெரும்பாலோருக்கு முதுகு வலி குறைந்தது. அவ்வளவு சாய்த்தால் உடல் முன்னால் வழுக்கிக் கையில் பாரம் ஏறும். அதனால் நான் கொஞ்சமாகவே சொல்வேன். நடுவில் பள்ளம் விட்ட, உங்கள் இடுப்பெலும்பு அகலத்துக்கு ஏற்ற சீட் மரப்புக்கு நல்லது.

முதல் இரண்டு வாரம் சமதரையில் 30 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெரிய கியரில் முக்கி மிதிக்காதீர்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற லேசான கியர் போதும், ஈ.சி.ஆர். எதிர்க்காற்றில் கௌரவம் பார்க்க வேண்டாம். ஓட்டும்போது வலி பத்துக்கு மூன்று வரை வந்தாலும் மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தொடை வலி மேலேறி இடுப்பில் ஒதுங்கினால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் நல்ல அறிகுறி. முட்டியைத் தாண்டிக் கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டுங்கள்.

300ஐ விட்டுவிடுங்கள். 300க்கு 20 மணி நேரம் கொடுப்பார்கள். 200க்குக் கொடுப்பது பதின்மூன்றரை, நீங்கள் எடுத்தது 13. அந்த வேகத்தில் இரவு முழுக்க, குழி தெரியாத சாலையில், தளர்ந்த முதுகோடு ஓட்ட வேண்டியிருக்கும். 'மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு இந்தக் கடிதத்திலேயே பிடிக்காத வரி. டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜூலை வெயிலில் வேர்த்து நீர் வற்ற ஓட்டினால் அடி வாங்குவது சிறுநீரகம். பிரெவேக்காரர்களின் ஆண்டுக் கணக்கு நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. 200, 300, 400, 600 நான்கையும் ஒரே ஆண்டில் முடிக்கும் ஆசை உங்களுக்கு இருக்கிறது என்று தெரிகிறது. வருகிற நவம்பரில், சரியான அளவு வண்டியில், 200லிருந்து தொடங்கலாம். போவது கட்டிய பணம் மட்டும்.

சினாப்சிஸைத் தள்ள வேண்டாம், கைடிடம் சொல்லுங்கள்

மூன்று சுமையில் இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகள்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு தரலாம். எனவே பதிவு ரத்தாகிவிடும் என்ற உங்கள் பயம் மிகையானது. உங்கள் பல்கலைக்கழகம் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதை ஆராய்ச்சிப் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். (இளநிலை, முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை) இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுதான். நீங்கள் ஐந்தாம் ஆண்டில், புது வாடகையோடு இருக்கிறீர்கள். தள்ளினால் பணம் இடிக்கும். எழுதி முடிப்பதே மேல்.

எழுதும் விதத்தை மாற்றுங்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்து எழுதுவதாகச் சொல்கிறீர்கள். இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஓரிரு மணி நேரம் முதுகை வளைத்தால் அவற்றின் மேல் இழுவிசை கூடுதல். காலையில் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. எழுந்ததும் அரை மணி நடங்கள், காபி குடியுங்கள், பிறகு எழுதுங்கள். லேப்டாப்பை நான்கு தடித்த புத்தகத்தின் மேல் வைத்து, தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். திருத்தம் போடும் வேலையைச் சமையல் மேடையில் நின்றபடி செய்யலாம். உப்புமா வாசனையில் மூன்றாம் அத்தியாயம் கெட்டுப்போகாது.

உட்கார்ந்தாலே டிஸ்க் நசுங்கும் என்பதும் பாதி உண்மைதான். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் டிஸ்குக்குள்ளேயே அழுத்தமானி வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், தளர்வாக உட்கார்ந்தபோது 0.46, கிட்டத்தட்ட ஒன்றுதான். உட்காருவதல்ல, அசையாமல் மூன்று மணி நேரம் உட்காருவதுதான் உங்களை வருத்துகிறது.

கைடு விஷயம். அவர் அப்படிக் கேட்கலாம், கேட்க மாட்டார் என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் ஏழு வாரமாகக் காரணம் சொல்லாமல் லேபுக்குக் குறைவாக வருகிறவரைப் பற்றி அவர் ஏற்கெனவே ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பார். பத்து வரி மின்னஞ்சல் போதும். முதுகு வலி எப்போது வந்தது, மருத்துவர் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் எந்த அத்தியாயம் தருவீர்கள், லேபில் எந்த வேலைக்கு உதவி வேண்டும் என்று எழுதுங்கள். 'ஃப்யூம் ஹுட்டில் குனிந்து ஒரு மணிக்கு மேல் நிற்க முடியவில்லை, கடைசி இரண்டு சாம்பிளை ஜூனியர் ஓட்டித் தந்தால் எழுத்து வேலை தேதிக்குள் முடியும்' என்பது போல, கேட்பது குறிப்பாக இருக்கட்டும். மருத்துவச் சான்றிதழை இணையுங்கள். யு.ஜி.சி. உதவித்தொகை பெறுபவர்களுக்கு அரசு விடுமுறை போக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. வீடு மாற்றும் நான்கு நாளுக்கு அதில் எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளைப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம். மருத்துவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி ஓட்டச் சொல்லியிருக்கிறார் என்று என் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆடிக்கு முன் வீடு

நானும் ஒருமுறை வீடு மாற்றும்போது, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், கிரைண்டர் கல்லைக் குனிந்து ஒரே இழுப்பாகத் தூக்கி மூன்று நாள் செருப்பு மாட்ட முடியாமல் கிடந்தேன். அதனால் இதை அனுபவத்தோடு சொல்கிறேன்: நீங்கள் தூக்கக் கூடாது.

பெல்ட் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994லேயே, அடிபடாமல் தடுக்கப் பெல்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதே நிறுவனம், நல்ல முதுகுள்ளவர் எல்லா வசதியும் சரியாக அமைந்த நிலையில் தூக்கத்தக்க எடைக்கு 23 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். அரிசிச் சிப்பம் 25 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் 30 கிலோ சுமார். தண்ணீர் கேன் 20. நீள, அகல, உயரம் ஓரடி உள்ள அட்டைப் பெட்டியில் புத்தகத்தை அடைத்தால் 15 கிலோவைத் தாண்டும். உல்ம் அளவீட்டில் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது அழுத்தம் 2.3 மெகாபாஸ்கல், முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7, உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. எப்படித் தூக்கினாலும் நிற்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆரோக்கியமான டிஸ்க் அதைத் தாங்கும், உங்களுடையதும் ஒருநாள் தாங்கும். இந்த மாதம் வேண்டாம்.

இரண்டு மாடி இறக்கத்துக்கு லோடுமேன்கள் இருவரையும் ஒரு குட்டியானையையும் பேசுங்கள். பணம் இடிக்கிறது என்றீர்கள். ஊசி, கரண்ட், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் இதுவரை கொடுத்ததைக் கூட்டிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். தம்பியையும் தனியாக விடாதீர்கள், அவனுக்கும் முதுகு ஒன்றுதான். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் பாதி மட்டும் அடுக்கி, மேலே துணியை நிரப்புங்கள். நீங்கள் கட்டுவதானால் தரையில் உட்கார்ந்து கட்டாதீர்கள். பெட்டியை நாற்காலி மேல் வைத்து நின்றபடி, ஒரு நாளைக்கு அரை மணி. கட்டிலுக்கு அடியில் இருப்பதை இழுக்கும் வேலை தம்பிக்கு. மாற்றும் நாளன்று நீங்கள் புது வீட்டில் இருந்து எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று சொல்லுங்கள். சும்மா நின்று வேலை வாங்குவதா என்று அம்மா முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அம்மாவிடம் இன்னொரு வழியும் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் ஆனி மாதத்து நல்ல நாளில் புது வீட்டில் சாமி படம் வைத்துப் பால் காய்ச்சி, அரிசி, பருப்பு, உப்பு வைத்துவிடுவார்கள். குடிபோனதாகவே அது கணக்கு. சாமான்கள் பின்னால் மெல்லப் போகும். பழைய வீட்டுக்காரர் இன்னும் பத்து நாள் கொடுத்தால், சினாப்சிஸ் முடிந்த பிறகு பெரிய சாமான்களை மாற்றலாம். அதற்குப் பாதி மாத வாடகை கூடுதலாகப் போகும். சினாப்சிஸ் வாரமும் லாரி வாரமும் ஒன்றாகாமல் இருக்க அந்தத் தொகை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. அம்மா ஒப்ப மாட்டார் என்றால், கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே மாற்றிவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் கூடவே கூடாது.

இந்த வாரத்திலிருந்து

நடை. 2024இல் ஆஸ்திரேலியாவில், முதுகு வலி வந்து தேறிய 701 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஐந்து நாள் அரை மணி நடை என்ற இலக்கை நோக்கி மெல்லக் கூட்டிக்கொண்டே போனவர்களுக்கு வலி திரும்பி வர நடுமட்டமாக 208 நாள் ஆயிற்று. நடக்காதவர்களுக்கு 112 நாள். இதற்கு மாத்திரைச் செலவு இல்லை. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். அதோடு இரண்டே பயிற்சிகள், மாலையில். மல்லாந்து முட்டியை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது ஒன்று. கை, முட்டி ஊன்றி நாலுகால் நிலையில் இருந்து ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது இன்னொன்று. எட்டு எட்டு தடவை, இரண்டு சுற்று. கரண்ட் வைத்தது வலியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், தசையை வளர்க்காது. சுளுக்கு எடுப்பவரிடம் போகவா என்றும் கேட்டிருந்தீர்கள். காலுக்கு இறங்கும் வலி இருக்கும்வரை முதுகை முறுக்கி நெட்டி எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

தாம்பரம் போனதும் லேபுக்கு மின்சார ரயிலில் போங்கள். நின்றுகொண்டே போகலாம், பாதி தூரம் உட்கார்ந்தும் போகலாம். ஸ்கூட்டரில் குழிகளில் குதித்துக்கொண்டு, முதுகில் லேப்டாப் பையோடு போவதைவிடப் பல மடங்கு தேவலை.

இப்படிச் செய்து ஆறு வாரத்தில் வலி பத்துக்கு இரண்டுக்குக் கீழே வரவில்லை என்றால், அல்லது கால் வலி கீழே இறங்கினால், மறுபடி நேரில் காட்டுங்கள். புது எம்.ஆர்.ஐ. எடுக்க அவசரப்பட வேண்டாம். கையில் இருக்கும் படமும் உங்கள் காலின் பலமும் போதும் முதல் முடிவெடுக்க.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: சைக்கிளை விற்பது பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. அந்த 54 சைஸ் வண்டியை விற்றுவிடலாம். வாங்க வருகிறவர் ஐந்தே முக்கால் அடிக்குக் குறையாமல் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.